சனிக்கிழமைக் குழுவுக்கு ஒரு நன்றி மடல்

மனநலக் குழு சிகிச்சையில் என்னோடு உட்கார்ந்த அன்புள்ள எட்டுப் பேருக்கும், அதை நடத்திய மேடத்துக்கும்,

யார் பெயரையும் இங்கே எழுதவில்லை. அறையில் பேசியது அறையோடு என்று முதல் நாளே எல்லோரும் ஒத்துக்கொண்டோம். குன்னூர் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தும் பார்க்காதது போலப் போகிறீர்களே, அதற்கும் நன்றி.

நான் கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லோடு அடிக்கிறவன். 17 வருஷமாக அதே ரோடு, அதே 14 கொண்டை ஊசி வளைவு. போன வருஷம் பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில் நெஞ்சு படபடவென்று அடித்தது. விரல் மரத்து, மூச்சு முட்டி, வண்டியை ஓரம் கட்டினேன். செத்தேன் என்றே நினைத்தேன். இசிஜி இரண்டு முறை எடுத்தார்கள், இரண்டும் நார்மல். "ஒண்ணுமில்லை, போய் வேலையைப் பாருங்க" என்று ஓர் இடத்தில் அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லை என்றால் ஸ்டியரிங்கைத் தொட்டாலே ஏன் கை நடுங்குகிறது? மூன்று மாதம் வண்டி கொட்டகையில் நின்றது. தவணை நிற்குமா?

அக்கா மகள்தான் 14416க்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தாள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசினார்கள். அவர்கள் சொல்லித்தான் மனநல டாக்டரிடம் போனேன். அவர் மாத்திரை எழுதி, அது வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்றார். குழுவிலும் போய் உட்காரச் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. பத்துப் பேர் முன்னால் உட்கார்ந்து பயமாயிருக்கு என்று சொல்வதா?

மூன்று சனிக்கிழமை வாயே திறக்கவில்லை. 90 நிமிஷமும் ஜன்னல் வழியே பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசுங்க என்று யாரும் நெருக்கவில்லை. இந்த மடலே முக்கியமாக அதற்குத்தான்.

நாலாவது வாரம் மேடம் எல்லோரையும் ஒரு நிமிஷம் வேகவேகமாக மூச்சு வாங்கச் சொன்னார். (டாக்டர் சீட்டைப் பார்த்த பிறகுதான். வீட்டில் யாரும் தனியாகச் செய்துபார்க்க வேண்டாம்.) ஒன்பது பேரும் மேடேறின மாடு மாதிரி புஸ் புஸ்ஸென்று ஊதினோம். பாதியிலேயே என் விரல் மரத்தது. அதே மரப்பு, அதே கிறுகிறுப்பு. நிமிர்ந்து பார்த்தால் எதிரே டீச்சர் அக்கா விரலை உதறுகிறார், அந்தப் பக்கம் தேயிலை பறிக்கும் அக்காவும். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகும், மரப்பு அதனால்தான் என்றார் மேடம். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கியது. யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லோரும். "பர்லியார்ல எனக்கு வந்தது இதேதான்" என்றேன். அங்கே நான் பேசிய முதல் பேச்சு அது.

தேயிலை அக்கா, நீங்கள் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். உங்களுக்குப் பயமில்லை, எதிலும் பிடிப்பில்லாமல் படுத்தே கிடப்பதுதான் கஷ்டம். அந்த வாரம் செய்யப்போகும் சின்ன வேலையாக, தினம் கால் மணி நேரம் வெயிலில் உட்காருவேன் என்று எழுதினீர்கள். ஜூலை மாதத்தில் இங்கே ஏது வெயில்? அடுத்த வாரம் வந்து, "வெயில் வரலை, ஆனா வாசல்ல உட்கார்ந்தேன்" என்றீர்கள். அன்று சாயங்காலம்தான் நான் வண்டிச் சாவியைக் கையில் எடுத்தேன்.

பயத்தைச் சின்னதிலிருந்து ஒவ்வொரு படியாகத் தாண்ட, எதற்கு எவ்வளவு பயம் என்று நூற்றுக்கு மார்க் போட்டோம். நிற்கும் வண்டியில் உட்காருவது 20, குன்னூர் வரை 40, பர்லியார் 80, லோடோடு மண்டி 95. ரிட்டயர்டான அண்ணா இரண்டு தடவை பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மூன்றாம் தடவை, அவர் இருந்தால்தான் முடியும் என்று ஆகிவிடும், தனியாகப் போங்கள் என்று மேடம் தடுத்துவிட்டார். அண்ணா, வளைவுக்கு வளைவு நீங்கள் "முருகா முருகா" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. என்னைவிட உங்களுக்குத்தான் அன்று மார்க் அதிகம்!

ஐந்தாவது வாரத்தோடு நின்றுபோன தம்பிக்கு: உங்கள் நாற்காலியைக் கடைசி வரை வட்டத்தில் போட்டே வைத்திருந்தோம்.

சரி, முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன மாதம் அதே வளைவில் மறுபடி வந்தது. ஓரம் கட்டிக் காத்திருந்தேன், பத்து நிமிஷத்தில் தணிந்தது. மண்டியில் லேட்டுக்குத் திட்டு வாங்கினேன்.

எப்போதும் கையில் பிடித்திருந்தேனே ஒரு நீலத் தண்ணி பாட்டில், அதுவும் ஓர் ஊன்றுகோல்தான் என்று மேடம் சொன்ன அன்று ஜன்னல் ஓரம் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கும். நல்ல பாட்டில், யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கேரட் வண்டி அண்ணா