சுங்கை டுவா வீட்டுச் சாவி

குளுகோர், பினாங்கு
ஜூன் 14

அன்புக் கூட்டாளிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். நானும் பேசி அனுப்பினால் பாதி விஷயம் விட்டுப்போகும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு; பார்வை கொஞ்சம் தெளிந்ததுமே நம் அம்மாக்கள் மருந்தை ஓரமாக வைத்துவிடுவார்கள். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தண்ணீர்மலையில் 513 படியும் ஏறி முருகனைப் பார்த்து ஆறு மாதமாகிறது.

சரி, உன் மகள் பாப்பா இங்கே சுங்கை டுவாவில் இன்னும் மூன்று பெண்களோடு எடுத்திருக்கும் வாடகை வீட்டு விஷயம். ஜூலைக் கடைசியில் தேர்வு முடிந்து அவள் உன்னிடம் செந்தூலுக்கு வந்துவிடுவாள், அக்டோபரில்தான் மறுபடி வகுப்பு, நடுவில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு எதற்கு வாடகை என்று கேட்கிறாய். மாதம் 1,200 வெள்ளியை (ரிங்கிட்) நான்கு பெண்களும் பகிர்ந்தால் ஆளுக்கு 300, இரண்டு மாதத்துக்கு 600. விடிகாலையில் எழுந்து நீ பலகாரம் சுட்டு விற்கிற காசு அது. அதைச் சின்னக் காசு என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒப்பந்தத்தைப் படித்தாயா? பாப்பாவிடம் கேட்டு எனக்கு அனுப்பச் சொன்னேன். அக்டோபர் 1 தொடங்கி செப்டம்பர் 30 வரை, முழுதாக 12 மாதம். அதற்குள் காலி செய்தால் முன்பணம் திரும்பாது. முன்பணம் எவ்வளவு? இரண்டு மாத வாடகை, 2,400 வெள்ளி. நீ மிச்சம் பிடிக்க நினைப்பதும் அதே இரண்டு மாதம், அதே 2,400. ஜூலையில் சாவியைக் கொடுத்தால் இந்தக் கையில் வருவது அந்தக் கையில் போய்விடும். அப்புறம் அக்டோபரில் புது வீட்டுக்கு இரண்டு மாத முன்பணம், மின்சாரம் தண்ணீருக்கென்று அரை மாதம், முதல் மாத வாடகை என மூன்றரை மாதக் காசை ஒரே நாளில் எண்ணி வைக்கவேண்டும். லோரிக் கூலி வேறு. இங்கே வாடகை வீட்டுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்று எத்தனையோ வருடமாகப் பேசுகிறார்கள், நமக்குக் கையில் இருப்பது ஒப்பந்தத் தாள்தான். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நடக்கும்.

காசுக் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. நம் பிள்ளைகளுக்கு வீடு அவ்வளவு சுலபத்தில் கிடைப்பதில்லை. உனக்குத் தெரியாததா? விளம்பரத்திலேயே இந்தியருக்கு இல்லை என்று போட்டுவிடுகிறார்கள். என் மகன் கோலாலம்பூரில் படித்தபோது நீ செய்யச் சொல்வதைத்தான் நாங்கள் செய்தோம். பந்தாய் டாலாமில் அவன் இருந்த அறையை விடுமுறையில் விட்டுவிட்டு, சாமான் எல்லாவற்றையும் பஸ்ஸில் ஏற்றி இங்கே கொண்டுவந்தோம். பள்ளி திறக்கும் நேரத்தில் அறை தேடினால், ஃபோனில் பேசும்போது இருக்கிற அறை, அவன் பெயரைச் சொன்னதும் நேற்றே போய்விட்டதாம். ஒரு இடம் இல்லை, ஏழு இடம். மூன்று வாரம் கூட்டாளி வீட்டு வரவேற்பறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனான். அம்மா, நம்ம பேரில என்னம்மா இருக்கு என்று ஒரு இரவு கேட்டான். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

பாப்பாவின் வீட்டுக்கார சீனப் பெரியவரோ நான்கு தமிழ்ப் பெண்களைப் பார்த்ததும் மறு பேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தவர், குழாய் ஒழுகினால் அன்றைக்கே ஆளை அனுப்புகிறவர் என்று நீயே சொல்லியிருக்கிறாய். சண்டையில்லாத நான்கு பெண்கள், நடந்தே பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்துக்குப் போகிற தூரம், இப்படி ஒரு வீட்டுக்காரர். இந்த மூன்றும் சேர்ந்து இன்னொரு தடவை அமையுமா? நான் என்றால் விடமாட்டேன்.

அதற்காக 600 வெள்ளியையும் பேசாமல் கட்டு என்று சொல்லவில்லை. முதலில் பெண்கள் நால்வரும் போய் அந்தப் பெரியவரிடம் நேரில் பேசட்டும். அடுத்த ஒரு வருடத்துக்கும் நாங்களே இருக்கிறோம், இப்போதே கையெழுத்துப் போடுகிறோம், இந்த இரண்டு மாதம் மட்டும் பாதி வாடகை வாங்குவீர்களா என்று கேட்கட்டும். நானும் மேல்மாடி அறைகள் இரண்டையும் மாணவிகளுக்கு விடுகிறவள்தானே. என் வங்கித் தவணைக்கு விடுமுறை கிடையாது, அதனால் சும்மா விடச் சொன்னால் எனக்கும் கஷ்டம்தான். ஆனால் அக்டோபரில் புது ஆளைத் தேடி அலையவேண்டாம், சுவருக்கு மறுபடி சாயம் அடிக்கவேண்டாம் என்றால் பாதியோடு நிறுத்திக்கொள்வேன். போன வருடம் அப்படித்தான் செய்தேன்.

அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொரு வழி. ஒருத்தி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பிராக்டிகல் (தொழிற்பயிற்சி) செய்ய இங்கேயே தங்கப்போகிறாள் என்றாய் அல்லவா? அதே மாதங்களில் வெளியூர்ப் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் பிராக்டிகலுக்கு வந்து இரண்டு மாத இடம் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். எனக்கே வருடா வருடம் நாலைந்து பேர் ஃபோன் செய்கிறார்கள். அப்படி ஒருத்தியைப் பாப்பாவின் கட்டிலில் இருக்கவைக்கலாம். ஆனால் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் மட்டும் கூடாது. உள்வாடகைக்கு விட்டால் ஒப்பந்தமே முறிந்துபோகும் என்று அந்தத் தாளில் இருக்கிறது, நான் படித்தேன். அவர் சரி என்று சொல்வதை எழுத்தில் வாங்கவேண்டும், வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தாலும் போதும்.

புது ஒப்பந்தம் போட்டால் முத்திரை வரியை மறக்கவேண்டாம். ஒரு வருட ஒப்பந்தத்துக்கு, வருட வாடகையில் 250 வெள்ளிக்கு 1 வெள்ளி. இவர்களுக்கு வருடத்துக்கு 14,400, ஆகவே 58 வெள்ளி. முன்பெல்லாம் முதல் 2,400க்கு விலக்கு இருந்தது, 2025 முதல் அதை எடுத்துவிட்டார்கள். ஆளுக்குப் பதினைந்து வெள்ளிகூட வராது, ஆனால் முத்திரை இல்லாத தாளை நீதிமன்றத்தில் காட்ட முடியாது. என் மகனின் பழைய வீட்டுக்காரர் சுவர் அழுக்கு என்று சொல்லி முன்பணம் முழுவதையும் வைத்துக்கொண்டபோது எங்களிடம் முத்திரையும் இல்லை, ஒரு படம்கூட இல்லை. 5,000 வெள்ளி வரைக்கும் வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்குப் போடலாம் என்பது அப்போது எனக்குத் தெரியவும் தெரியாது. அதனால் பாப்பா கிளம்பும் முன் ஒவ்வொரு அறையையும், மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் படம் எடுத்து வைக்கட்டும்.

அறையைப் பூட்டிவிட்டு அப்படியே வராமலும் இருக்கட்டும். என் வீட்டில் ஒரு பெண் இரண்டு மாதம் பூட்டிவிட்டுப் போனாள். திரும்பி வந்து திறந்தால் அலமாரியில் இருந்த பட்டுப்புடவை முழுக்கப் பூஞ்சணம், அட்டைப் பெட்டியில் வைத்த புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. அது அவள் அம்மாவின் கல்யாணப் புடவை. செப்டம்பரில் இங்கே மழை பிடித்தால் பூட்டிய அறைக்குள் ஈரம் அப்படி ஊறும். தங்கப்போகிற பெண்ணிடம் சொல்லி வாரம் ஒரு நாள் சன்னலைத் திறந்துவிடச் சொல்.

துணிமணி, புத்தகம், அந்தச் சோற்றுப் பானை எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து போடட்டும். மாடிப்படிக்குக் கீழே இடம் ஒழித்துவிட்டேன், செங்கல் அடுக்கி மேலே பலகையும் போட்டாயிற்று. பாப்பாவை அழைத்துப்போக நீயே வாயேன். சுங்கை நிபோங்கில் பஸ் வந்து நின்றதும் ஃபோன் செய், நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். பெரியவரிடம் பேசப் பெண்கள் தயங்கினால் மறுநாள் காலையில் நாம் இரண்டு பேரும் அவர்களோடு போய்வரலாம்.

உன் கூட்டாளி