எங்கள் தொட்டித் தண்ணீரிலும் சோதித்துப் பாருங்கள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒளிவினையூக்கி (வெளிச்சம் பட்டால் தண்ணீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க உதவும் தூள்) பற்றி ஆய்வு செய்யும் வேதியியல் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்,

வணக்கம். குன்னூரில் விடுதித் துணிகளை வெளுக்கும் ஒரு சலவைக்கூடத்தில் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்பவன் நான். இங்கே விடும் தண்ணீர் குன்னூர் ஆற்றோடு இறங்கி, மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் கலக்கிறது. அந்தப் பவானியைக் குடிக்கிற ஊர்கள் எத்தனையோ. அதனால் உங்கள் வேலை மேல் எனக்கு ஆசை அதிகம்.

போன மாதம், கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒரு சின்ன பாட்டில் கொண்டுவந்தாள். நீலச் சாயத் தண்ணீர், அடியில் கரும்பழுப்புத் தூள். தூளின் உள்ளே காந்த இரும்பு ஆக்சைடு, வெளியே டைட்டானியம் டை ஆக்சைடு. வெளிச்சத்தில் இரண்டும் ஒட்டியிருந்தால் இரும்பு கரையும் என்பதால் நடுவே சிலிக்கா உறை. வெறும் டைட்டானியம் தூளை வடிகட்டி எடுப்பது பெரும்பாடு. இதிலோ, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைப் பாட்டிலின் பக்கத்தில் வைத்ததும் தூள் மெல்ல ஊர்ந்து வந்து கண்ணாடியில் அப்பிக்கொண்டது. தண்ணீரைச் சாய்த்துவிட்டு அதே தூளை மறுபடி போடலாம். கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

அப்புறம் எங்கள் தொட்டித் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துப் போட்டோம். சோப்பும் துணிப்பஞ்சும் தூளைப் பிடித்துக்கொண்டன. காந்தத்துக்கு ஒரு பங்குதான் வந்தது, மீதி பஞ்சோடு மிதந்தது.

காய்ச்சி வடித்த நீரில் மெத்திலீன் நீலத்தைக் கரைத்து நிறம் போவதைக் காட்டுவது தொடக்கத்துக்குச் சரி. ஆனால் அந்தச் சாயம் தானே வெளிச்சத்தை உறிஞ்சிச் சிதையக்கூடியது. எங்கள் தண்ணீரில் உப்பு இருக்கிறது, சோடா இருக்கிறது. வெளிச்சத்தில் தூள் உண்டாக்கும், அழுக்கைச் சிதைக்க வேண்டிய ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை (வேகமாக வினைபுரியும் துணுக்குகளை) உப்பிலுள்ள குளோரைடும் சோடாவிலுள்ள கார்பனேட்டும் வழியிலேயே தின்றுவிடும். டைட்டானியத்துக்கு வேண்டிய புற ஊதாக் கதிரோ, வெயிலில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுதான். ஐப்பசியில் இங்கே அந்த வெயிலையும் மூட்டம் மறைத்துவிடும்.

ஆகவே கேட்கிறேன்: ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் தூளை உலர்த்தி எடைபோட்டு, எவ்வளவு திரும்பவில்லை என்று எழுதுங்கள். 'ஐந்து முறை பயன்படுத்தினோம்' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். திரும்பாத தூளும் பவானிக்குத்தான் போகும். நிறத்தோடு சி.ஓ.டி.யும் (தண்ணீரிலுள்ள அழுக்கை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) எவ்வளவு இறங்கியது என்று சொல்லுங்கள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் வாருங்கள். கேன் மட்டும் கொண்டுவந்தால் போதும், பஞ்சோடு அள்ளித் தருகிறேன்.

அன்புடன்,
ஒரு சலவைக்கூட ஊழியன், குன்னூர்