வானியல் மன்றம்: செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்காக இவ்வறிக்கை வாட்ஸ்அப் குழுவில் போடப்படும். அங்கே யாரும் ஆப்சென்ட் ஆவதில்லை.

மாதக் கூட்டங்கள் விதிப்படி நடந்தன. 2025 செப்டம்பர் 7 முழுச் சந்திர கிரகணத்தைப் பள்ளி மொட்டைமாடியில் பொதுமக்களுக்குக் காட்டினோம். ஊட்டி முத்தொரை ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்து வந்தோம். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் கடைசி நேரத்தில் வராததால் வேன் வாடகையில் துண்டு விழுந்தது.

இனி வெள்ளிவிழாக் கல், அதாவது மன்றம் தொடங்கிய நாளை விண்மீன் வரைபடமாகக் காட்டும் கல். "ஒரு கல் வெட்ட இத்தனை மாதமா? நெட்டிலிருந்து ஒரு படத்தை டவுன்லோடு பண்ணிக் கொடுத்துவிடலாமே" என்று செயற்குழுவில் கேட்கப்பட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நெட்டில் கிடைப்பது 1972இல் பயனியர் 10 விண்கலத்தோடு போன படம். வானியலாளர்கள் ஃபிராங்க் டிரேக்கும் கார்ல் சேகனும் வடிவமைத்தது. சூரியனிலிருந்து 14 பல்சர்களுக்கும் (சுழன்றுகொண்டே சீரான இடைவெளியில் ரேடியோத் துடிப்பு அனுப்பும் இறந்த விண்மீன்கள்) பால்வெளியின் மையத்துக்கும் கோடுகள் போகும். ஒவ்வொரு பல்சரின் துடிப்புக்காலமும் (இரு துடிப்புக்கு இடைப்பட்ட நேரம்), ஹைட்ரஜன் அணு வெளியிடும் ரேடியோ அலையின் ஓர் அதிர்வு நேரமான 0.704 நானோநொடியை அலகாகக் கொண்டு, 1, 0 மட்டுமே உள்ள இரும எண்ணில் இருக்கும். பல்சர்கள் மெல்ல மெல்லச் சுழல் வேகம் குறைபவை, துடிப்புக்காலம் கூடிக்கொண்டே போகும். எனவே எண்ணைப் பார்த்தே எந்தக் காலத்துப் படம் என்று சொல்லிவிடலாம். அதை அப்படியே வெட்டினால் நம் கல்லின் வயது 1970களுக்குப் போய்விடும். மன்றம் தொடங்கியது 2001 ஜனவரி 26 அன்று.

ஆகவே ஆஸ்திரேலியாவின் ரேடியோ தொலைநோக்கி அமைப்பான ஏடிஎன்எஃப் வைத்திருக்கும் பல்சர் அட்டவணையிலிருந்து ஒவ்வொன்றின் துடிப்புக்காலம், வேகம் குறையும் வீதம், அந்த அளவு எந்த நாளுக்கு உரியது என்ற மூன்றையும் எடுத்து, நம் தேதிக்கு நகர்த்தினேன். வீதத்தை இடைப்பட்ட நொடிகளால் பெருக்கிக் கூட்டினால் பெரும்பாலானவற்றுக்குப் போதும். நண்டு நெபுலா பல்சர் அப்படி விடாது. அதன் வேகம் குறைவதே சீராக இல்லை. இரண்டாவது திருத்தத்தையும் சேர்க்காவிட்டால் நம் தேதி இரண்டு நாளுக்கு மேல் தள்ளிப்போகும். சேர்த்தபின் 33.52 மில்லிநொடி வந்தது. அந்த ஹைட்ரஜன் அலகில் சுமார் 4.76 கோடி, இரும எண்ணில் 26 இலக்கம். தினமும் ஏறக்குறைய 50 அலகு கூடுவதால், தேதி சொல்வதில் இதை மிஞ்ச ஆளில்லை. வேலா பல்சர் அவ்வப்போது திடீரென்று ஒரு குதி குதித்து வேகம் கூட்டிக்கொள்ளும். அதற்குத் தேதிக்குப் பக்கத்து அளவீட்டைத் தேட வேண்டியிருந்தது.

இளைஞரணி நண்பர் ஒருவர், 1982இல் கண்டுபிடித்த 1.56 மில்லிநொடி பல்சரையும் சேர்க்கச் சொன்னார். மிகத் துல்லியமானதுதான். ஆனால் அது ஒரே ஒரு அலகு மாறவே 200 ஆண்டுக்கு மேல் ஆகும். கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம், காலண்டராக உதவாது. சேர்க்கவில்லை.

திசைகளில் சிக்கல் இல்லை. நண்டு பல்சர் பால்வெளி மையத்துக்கு ஏறக்குறைய நேர் எதிரே விழுந்தது, 184.6 டிகிரி. தூரம்தான் வம்பு, பல பல்சர்களுக்கு அது மாதிரிக் கணக்கில் வரும் உத்தேச மதிப்புதான். பால்வெளி மையத்துக்குப் போகும் கோட்டை 60 சென்டிமீட்டர் வைத்தால் நண்டுக்கு 15 வருகிறது, வேலாவுக்கு வெறும் 2. அந்த 2 சென்டிமீட்டரில் 27 இலக்கம் எப்படி அடங்கும்? எண்ணைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டேன். "இதில் ராசி எங்கே?" என்று கேட்ட மூத்த உறுப்பினருக்கு நேரிலேயே பதில் சொல்லியாயிற்று.

கல் வெட்டுபவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி சொல்கிறார். இரும எண்ணில் 1 என்றால் நிற்கும் கோடு, 0 என்றால் படுத்த கோடு. இரண்டும் அவர் கணக்கில் எழுத்துதான். 14 பல்சருக்குச் சுமார் 400 எழுத்து. இலக்கத்தைக் குறைத்தால் கூலி குறையும்தான், ஆனால் தேதியும் போய்விடும். இதற்கு நான் சம்மதிக்கவில்லை.

கணக்கைப் பொருளாளர் சரிபார்த்துள்ளார்; வரவும் செலவும் ஏறத்தாழ நேராகின்றன. நேராகக் காரணம் சில நண்பர்கள் கைக்காசு போட்டது. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். இரண்டு மூன்று ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்களில் சிலர்தான் கல்லில் தம் பெயரும் வருமா என்று முதலில் கேட்டவர்கள். பெயர் எதுவும் வராது.

மாடியைத் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், தேநீர் தந்த நண்பருக்கும், ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பில் நான் தொடர்வதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். யார் வந்தாலும் கணக்கு ஃபைல் தயார். கல்லும் பட்டறையில் மெருகேற்றித் தயாராக இருக்கிறது, முன்பணம்தான் போகவில்லை. பாக்கிப் பட்டியலைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் மேசையில் இருப்பார். ஜிபே வசதியும் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்