அட்டையில் 10, தேவை 14

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேனிப் பக்கம் 22 ஆண்டுகளாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நீர்க்கடுப்பு, வெள்ளையாக வடிகிறது என்று வருபவர்கள் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் வருவார்கள். "ஒரே வேளையில முடியுற மாதிரி குடுங்கண்ணே" என்பார்கள். டாக்டர் சீட்டு கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அது தனிக் கதை.

நான் சொல்ல வந்தது சீட்டோடு வருபவர்களைப் பற்றி. கிளமிடியா என்கிற பால்வினைத் தொற்றுக்கு அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே வேளை, அல்லது டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் காலையும் இரவும் 7 நாள் என்று இரண்டையும் வெகுகாலம் சமமாகவே எழுதிவந்தார்கள். 2015இல் வெளியான ஓர் ஆய்வு அதைக் கலைத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் சிறார் சீர்திருத்த இல்லங்களில் ஒவ்வொரு வேளையும் கண்ணெதிரே விழுங்கவைத்துப் பார்த்தார்கள். டாக்சி சாப்பிட்ட 155 பேரில் ஒருவருக்கும் தொற்று மிஞ்சவில்லை. அசித்ரோ சாப்பிட்ட 155 பேரில் 5 பேருக்கு மிஞ்சியது. ஆசனவாய்த் தொற்றில் அசித்ரோ இன்னும் மோசம். 2021இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் டாக்சியை முதல் மருந்தாக்கியது. இப்போது எங்கள் ஊர் டாக்டர்களும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

சரி, அங்கே பக்கத்தில் நின்று கொடுத்தார்கள். இங்கே? எனக்கு வரும் டாக்சி அட்டையில் இருப்பது 10 மாத்திரை. தேவை 14. "ஒரு அட்டை போதும்ணே" என்று வாங்கிப்போனால் ஐந்தாம் நாளோடு மருந்து தீர்ந்தது. அதற்குள் கடுப்பும் நின்றிருக்கும், திரும்ப வரமாட்டார்கள். இன்னோர் அட்டையில் 4 வெட்டிச் சேர்த்துக் கொடுக்கிறேன். வெட்டிய துண்டில் காலாவதித் தேதி இருக்காது. கம்பெனிக்காரர்கள் 14 மாத்திரை அட்டை போட்டால் என்ன? நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது, பாலோடு கூடாது என்று பின்னால் தமிழில் அச்சடித்தால் இன்னும் நல்லது.

அப்புறம் மனைவி. "அவளுக்கு ஒண்ணும் இல்லண்ணே" என்பார்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் எதுவும் தெரிவதில்லை. ஆனால் உள்ளுக்குள் கருக்குழாயைக் கெடுத்துவிடலாம். போன மாதம் ஒருவரை வற்புறுத்தி மனைவியோடு டாக்டரிடம் அனுப்பினேன். அந்த அம்மா நாலு மாதக் கர்ப்பம். டாக்சி கூடாது, அசித்ரோதான். கடையிலேயே தண்ணீர் வாங்கி விழுங்கிவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர், தேனி மாவட்டம்