மூன்று பவுண்டு வரியும் ‘சட்டம் சட்டம்தான்’ என்ற பேச்சும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் வந்த கட்டுரையில், எந்தச் சட்டமாக இருந்தாலும் மீறுகிறவர் குற்றவாளிதான், பிடிக்காத சட்டத்தை ஆளாளுக்கு மீறினால் நாடு நாடாக இருக்காது என்று எழுதியிருந்தார்கள். டர்பனில் பிறந்து வளர்ந்த தமிழச்சி நான். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து, ஒப்பந்தம் முடிந்த பிறகும் நேட்டாலிலேயே (டர்பன் இருக்கும் அன்றைய பிரிட்டிஷ் காலனி, இன்று தென்னாப்பிரிக்காவில்) தங்க நினைத்தவர்கள் ஆண்டுக்கு 3 பவுண்டு கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் போட்டார்கள். கரும்புத் தோட்டத்தில் முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங், 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், அதாவது அரை வருஷ உழைப்பு. பிறகு 16 வயதுப் பையனுக்கும் 13 வயதுப் பெண்பிள்ளைக்கும்கூட தனித்தனியாகக் கேட்டார்கள். மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு வை, இல்லையென்றால் கப்பலேறு, அவ்வளவுதான் அதன் நோக்கம். அடுத்த வருடமே இந்தியர்கள் வாக்காளர் பட்டியலில் சேர வழியில்லாமல் செய்துவிட்டார்கள். சட்டம் செய்கிற இடத்தில் ஒரு சொல்கூடச் சொல்ல விடாமல், ஆனால் கீழ்ப்படி என்று மட்டும் சொன்னால் அந்தக் கடமை எங்கிருந்து வரும்? மனுவும் தூதும் போய்ப் பார்த்து, ஒன்றும் நடக்காமல்தான் 1913இல் நேட்டாலின் நியூகாசில் ஊரில் இந்தியச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நவம்பர் 6ஆம் தேதி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அனுமதி இல்லாமல் பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலின் எல்லையைக் கடந்தார்கள். குற்றம்தான். அடுத்த ஆண்டே அந்த வரி ஒழிந்தது.

மீறியவர்கள் யாரும் ஒளியவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய் நோயோடு வெளியே வந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தபோது வயது 16. 1946இல் இந்தியர் நிலம் வாங்கும் உரிமையைச் சுருக்கிய சட்டத்தை எதிர்த்து, இங்கே டர்பனில் அம்பிலோ ரோடும் கேல் ஸ்ட்ரீட்டும் சேருகிற மூலையில் காலி மனையில் எல்லோரும் பார்க்கத்தான் கூடாரம் போட்டார்கள். வெள்ளைக்கார இளைஞர்கள் வந்து அடித்தார்கள், இவர்கள் திருப்பி அடிக்கவில்லை. போராட்டத் தலைவர்களான டாக்டர் மான்டி நாயக்கர், டாக்டர் குணம் உட்பட சுமார் 2,000 பேர் சிறைக்குப் போனார்கள். சட்டமே வேண்டாம் என்கிறவன் தண்டனையை இப்படி நேராக நின்று வாங்குவானா? கெட்ட சட்டத்தை மீறி, அதற்கான விலையைத் தன் உடம்பில் ஏற்றுக்கொள்கிறவர்களைத் திருடனோடு சேர்த்து எழுதியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. 1913இல் கேட்டதெல்லாம் நமக்காக மட்டும்தான், இதைவிடக் கொடிய பாஸ் சட்டத்தில் (எங்கே போனாலும் அனுமதிச் சீட்டு காட்ட வேண்டிய சட்டம்) கிடந்த கறுப்பின மக்கள் அந்தக் கோரிக்கையில் இல்லை. அது பெரிய குறை. 1952 ஜூன் 26இல் இனஒதுக்கல் சட்டங்களை மீறத் தொடங்கிய இயக்கத்தில்தான் எல்லோரும் சேர்ந்து சிறைக்குப் போனார்கள், எண்ணாயிரம் பேருக்கு மேல்.

சரி, இன்று? வாக்கு இருக்கிறது, அரசியல் சட்ட நீதிமன்றம் இருக்கிறது, அதனால் முதலில் அந்தக் கதவுகளைத் தட்டித்தான் ஆக வேண்டும். தண்ணீர் வரவில்லை என்று டயரைக் கொளுத்தி ஆம்புலன்ஸை மறிப்பவர்கள் மேல் கட்டுரையாளருக்குக் கோபம் என்றால் எனக்கும் அதே கோபம் உண்டு, அங்கே அடி வாங்குவது வேறு யாரோ ஒரு நோயாளி. இந்த வித்தியாசத்தை இரண்டு வரியில் எழுதியிருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்