ஜெனீவா சரி, பாலாறு?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல சர்வதேச சுற்றுச்சூழல் வக்கீல் ஆகறது எப்படின்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, ப்ளஸ் டூ முடிச்சிட்டு லா தான் படிப்பேன்னு நிக்கிற எம் பொண்ணு அதை வெட்டி பீரோ கதவுல ஒட்டி வெச்சிருக்கா. நல்ல கட்டுரைதான். ஆனா லண்டன், ஜெனீவா, தி ஹேக்னு ஊரெல்லாம் சுத்துன கட்டுரைக்காரரு எங்க வாணியம்பாடி பக்கம் மட்டும் எட்டிப் பாக்கல, அதான் எழுதறேன்.

நான் 22 வருஷம் தோல் ஷாப்புல (தோல் பதனிடற டேனரியில) வேலை பாத்தவன். அந்தக் கழிவுத் தண்ணி பாலாத்துலயும் நிலத்தடியிலயும் எறங்குச்சு. எங்க கிணத்துத் தண்ணிய குண்டான்ல புடிச்சு வெச்சா மறுநாளே ஓரத்துல வெள்ளையா உப்பு படிஞ்சிரும், அதுல பருப்பு போட்டா மதியம் வரைக்கும் வேகாது. இந்தத் தண்ணிக்காக 1991-ல போட்ட கேஸுலதான் (மனுதாரருக்காக வாதாடுனது சுற்றுச்சூழல் வக்கீல் எம்.சி.மேத்தா) 1996 ஆகஸ்ட் 28-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. அழுக்காக்குனவன்தான் செலவ ஏத்துக்கணும், பெரிய கெடுதல் வரும்னு தெரிஞ்சா முழு ஆதாரம் வரட்டும்னு உக்காந்திருக்கக் கூடாது, இந்த ரெண்டும் 1992-ல பிரேசில்ல ரியோ சுற்றுச்சூழல் மாநாட்டுல உலக நாடுங்க ஒத்துக்கிட்ட விஷயம், அது நம்ம நாட்டு சட்டத்துலயும் உண்டுன்னு அந்த தீர்ப்புலதான் வந்துச்சு. பிரேசில்ல எழுதுன வரி பாலாத்துக்கு வந்து சேந்த கதை இது, இதைத்தான் அந்த வக்கீலுங்க செய்யறாங்க, கட்டுரையில இதுல ஒரு வரி இல்ல.

அந்த சமயத்துல கேஸால ஷாப்ப மூடுனப்போ எனக்கு வக்கீல்னாலே வயித்தெரிச்சல், ரெண்டு மாசம் சம்பளமே இல்ல, மொதலாளி ஒத்த பைசா தரல. தண்ணிக்கு ஒரு வக்கீல் இருந்தாரு, எங்கள மாதிரி கூலிக்காரனுக்கும் ஒருத்தர் வேணும்னு யாருக்கும் தோணல. அதே டேனரி விவகாரத்துல 2025 ஜனவரி 30-ல மறுபடியும் சுப்ரீம் கோர்ட் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி தீர்ப்பு சொல்லியிருக்கு. எம் பொண்ணு பொறக்கறதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடி ஆரம்பிச்சது, இவ வக்கீலாகி வந்தாலும் பாக்க வேண்டியது மிச்சம் இருக்கும் போல!

இன்னொன்னு. பாலாத்துல எங்களுக்கு மேல புல்லூர்ல ஆந்திராக்காரங்க தடுப்பணைய ஒசத்துனதுல 2016-ல எவ்ளோ சத்தம், ஆத்துத் தண்ணிக்காக மெட்ராஸும் மைசூரும் போட்ட 1892 ஒப்பந்தத்த எல்லாம் தூசி தட்டி எடுத்தாங்க. அந்தப் பக்கம் டான்யூப் ஆத்து அணைக்காக ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் சண்டை போட்டு உலக கோர்ட்டுக்கே போனாங்க, 1997-ல அந்தக் கேஸுல இலங்கை ஜட்ஜ் வீரமந்திரி தனியா எழுதுன தீர்ப்புல அவங்க ஊரு பழைய ஏரி, குளத்தையெல்லாம் எடுத்து வெச்சாரு. ஏரி கண்ட ஊருல பொறந்தவனுக்குதான்யா அது தோணும்.

கோட்டு போட்டு பேசறது மட்டும் இல்ல, இதுல வார்த்தை சண்டைதான் பாதி. 2015 பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்துல கடைசி நேரத்துல ஒரு எடத்துல 'ஷால்'னு இருந்ததை 'ஷுட்'னு மாத்துனாங்க, செஞ்சே ஆகணும்ங்கறது செஞ்சா நல்லதுன்னு ஆயிருச்சு. எங்க ஊரு பத்திரம் எழுதறவருக்கு இது நல்லாவே புரியும்.

அடுத்த தடவ எழுதறப்போ தமிழ் மீடியம் புள்ளைங்க எங்க ஆரம்பிக்கணும், அஞ்சு வருஷ லா படிப்புக்கு என்ன செலவாகும், வெளிநாடு போறதுக்கு முன்னாடி இங்க யார்கிட்ட ஜூனியரா சேரலாம்னு போடுங்க சார். பீரோ கதவுல இன்னும் எடம் இருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வாணியம்பாடி