செந்நாயைக் கொடூரன் ஆக்கிவிட்டீர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காட்டு விலங்குகள் கூடி வாழ்வதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். யானைக் குட்டியைப் பெரியம்மா, சித்தி என்று எல்லாருமாகச் சேர்ந்து வளர்ப்பதை அழகாக எழுதியிருந்தீர்கள். சரி, அதற்குப் பக்கத்திலேயே செந்நாய் படத்தைப் போட்டு ‘இரக்கமற்ற வேட்டைக் கும்பல்’ என்று எதற்காக எழுதினீர்கள்? கூடி வாழ்வதற்கு எங்கள் நீலகிரிக் காட்டில் யானைக்கு அடுத்து யாரைச் சொல்வாய் என்று கேட்டால், நான் செந்நாயைத்தான் சொல்வேன்.

மானை உயிரோடு கடித்துத் தின்கிறது என்பதுதான் அதன் மேல் உள்ள பெரிய புகார். உண்மைதான், பார்க்கச் சகிக்காது. ஆனால் பதினைந்து கிலோ சொச்சம் எடையுள்ள பிராணி, தன்னைவிடப் பல மடங்கு பெரிய கடமானைப் புலி மாதிரி தனியாகக் கழுத்தைக் கவ்வி அமுக்க முடியுமா? நாலாபுறமும் சேர்ந்து விழுந்தால்தான் உண்டு. விழுந்த பிறகும் ஆற அமரத் தின்ன முடியாது. சிறுத்தையோ புலியோ வந்தால் இரை கைவிட்டுப் போய்விடும். அந்த அவசரத்துக்குக் கொடூரம் என்று பெயர் வைத்துவிட்டோம்.

தெப்பக்காடு பக்கம் ஒருமுறை செந்நாய்கள் புள்ளிமானை வீழ்த்தியிருந்ததைப் பார்த்தேன். மானின் வயிற்றுப் பக்கம் தலையை விட்டுக்கொண்டிருந்தவை மூன்றும் குட்டிகள். ஓடிக் களைத்த பெரியவை நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு சற்றுத் தள்ளிப் புதரைப் பார்த்து நின்றன. ஒன்று மட்டும் கிட்டே வந்து, ஒரு குட்டி உறுமியதும் விலகிப் போனது! சிங்கக் கூட்டத்தில் இது தலைகீழ். பஞ்ச காலத்தில் குட்டிகள் பட்டினி கிடந்து சாகும்.

இந்தக் குடும்ப வாழ்க்கையை ஊன்றிப் பார்த்து எழுதியவர் நம் நாங்குநேரிக்காரர், ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவர், 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களின் பின்னால் அலைந்தார். பெரும்பாலும் கூட்டத்தில் ஒரு பெண் நாய்தான் குட்டி போடும். மற்றவை வேட்டைக்குப் போய், வயிறு நிறையத் தின்றுவிட்டு, குகைக்குத் திரும்பி வந்து தாய்க்கும் குட்டிகளுக்கும் கறியைக் கக்கிக் கொடுக்கும். காவலுக்கும் ஒன்று தங்கிவிடும். தான் பெறாத குட்டிக்குத்தான் இத்தனை பாடு. அப்புறம் அந்தச் சீழ்க்கை! நாய் மாதிரி குரைக்காது. அடர்ந்த புதரில் பிரிந்துபோனால் விசில் அடித்துத்தான் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும். பெரிய கட்டுரையில் இதற்கு இரண்டு வரி இடம் இல்லாமலா போயிற்று?

கெட்ட பெயர் வந்த கதையையும் சேர்த்திருக்கலாம். வெள்ளைக்காரன் காலத்தில், சுடுவதற்கு மான் மிஞ்சாமல் போகிறதே என்ற எரிச்சலில் துரைமார்கள் இதைப் பீடை என்றார்கள். கொன்றால் பரிசுப் பணம். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை அந்த வழக்கம் ஓயவில்லை. இன்று செந்நாய் உலக அளவில் அழியும் நிலையில் உள்ள விலங்கு.

இப்போதுள்ள பயம் துப்பாக்கி அல்ல, நம் வீட்டு நாய்கள்தான். காட்டோரக் கிராமங்களில் திரியும் நாய்களிடமிருந்து வெறிநோயும், டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோயும் செந்நாய்க்குத் தொற்றலாம். வாயோடு வாய் வைத்துக் குட்டிக்கு ஊட்டுகிற கூட்டத்தில் ஒன்றுக்கு வந்தால் மற்றதற்குப் பரவ எத்தனை நாள் ஆகும்? அடுத்த முறை செந்நாய்ப் படம் போடும்போது, மசினகுடி, கூடலூர்ப் பக்கத்து நாய்களுக்குத் தடுப்பூசி ஒழுங்காகப் போடப்படுகிறதா என்று உங்கள் நிருபரை விசாரித்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கூடலூர், நீலகிரி மாவட்டம்